நோயாளியே மருந்துச்சீட்டு எழுதலாமா?

கேள்வி: கல்லூரி மாணவர்களையும் கலந்தாலோசித்துத்தான் பாடத்திட்டம் போட வேண்டும் என்று ஒரு பேராசிரியர் மேடையில் பேசினார். நோயாளியே மருந்துச்சீட்டு எழுதுவது போலல்லவா இது?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: எங்கே வலிக்கிறது என்று கேட்காமலே சீட்டைக் கிழித்துக் கொடுக்கும் டாக்டரிடம் நீங்கள் போவீர்களா? பேராசிரியர் கேட்கத்தான் சொன்னார். பேனாவைக் கொடுத்துவிடச் சொல்லவில்லை.

பேனாவையே கொடுத்த ஊரும் உண்டு. இத்தாலியில் பொலோஞா, ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம். இடைக்காலத்தில் அங்கே சட்டம் படித்த மாணவர்களின் சங்கம் வைத்ததுதான் விதி. ஆசிரியருக்குப் பணம் கொடுத்தவர்கள் அவர்கள்தானே! மணி அடித்ததும் பாடம் தொடங்க வேண்டும். அடுத்த மணி அடித்து ஒரு நிமிஷத்துக்குள் முடித்துவிட வேண்டும். அத்தியாயத்தைத் தாண்டக் கூடாது. கஷ்டமான இடத்தைக் 'கடைசியில் பார்க்கலாம்' என்று தள்ளவும் கூடாது. கேட்க ஐந்து பேர்கூட வரவில்லையா, ஆசிரியரே வராததாகக் கணக்கு வைத்து அபராதம். (இன்று இதை அமல்படுத்தினால் சில துறைகள் திவாலாகிவிடும்.) ஆனால் தேர்வும் பட்டமும் மட்டும் ஆசிரியர்கள் கையிலேயே இருந்தன.

அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் ஐரா மகஸீனர், எலியட் மாக்ஸ்வெல் என்ற இரண்டு மாணவர்கள் முன்னின்று, பாடத்திட்டத்தை எப்படி மாற்றலாம் என்று 400 பக்கத்துக்கு மேல் ஓர் அறிக்கை எழுதினார்கள். அதையொட்டி 1969இல் ஆசிரியர்கள் வாக்களித்து, பொதுக் கட்டாயப் பாடங்களை எடுத்துவிட்டார்கள். இன்றும் அங்கே ஒரு மாணவர் தன் முதன்மைப் பாடத்தைத் தானே வகுத்துக்கொள்ளலாம். அதற்கு ஏன் இது, எந்தெந்தத் தாள்கள் என்று எழுதி, வழிகாட்ட ஓர் ஆசிரியரைப் பிடித்து, குழுவின் ஒப்புதலும் வாங்க வேண்டும். சுலபமாகத் தப்பிக்க நினைக்கிறவருக்கு இதைவிடக் கட்டாயப் பாடமே நிம்மதி!

சரி, நம்மூருக்கு வாருங்கள். பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில், யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி, துறை ஆசிரியர்கள் உண்டு, வெளி வல்லுநர்கள் உண்டு, தொழில்துறைப் பிரதிநிதி ஒருவர் உண்டு, முன்னாள் மாணவர்கூட ஒருவர் உண்டு. இப்போது அந்தப் பாடத்தை உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பவருக்கு மட்டும் இடம் ஒதுக்கவில்லை. அவரையும் கூப்பிட்டால் கூட்டத்துக்கு ஒரு நாற்காலியும் ஒரு டீயும் கூடுதலாகும். கல்லூரி தாங்கும்.