முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும் நாய்: வாசகர் கேள்வி–பதில்

டாக் ஃபுட் சாப்பிட மறுக்கும் நாய்கள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்கள் ஸ்பிட்ஸுக்கு இரண்டு வயது, எடை 8 கிலோ, கருத்தடை செய்தாயிற்று. மூன்று பிராண்டு ட்ரை ஃபுட் மாற்றிப் பார்த்துவிட்டோம். முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. காலையில் ஒரு டம்ளர் பால், நாள் முழுக்க ஐந்தாறு மேரி பிஸ்கட், ராத்திரி கொஞ்சம் சிக்கன் சோறு, இவ்வளவுதான் சாப்பாடு. பட்டினியாகக் கிடக்கிறதே என்று மாமியார் வருத்தப்படுகிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் நாய் பட்டினி கிடக்கவில்லை. கருத்தடை செய்த 8 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 530 கலோரி போதும். ஒரு டம்ளர் பால், 200 மில்லி என்று வைத்தால், 120 கலோரி. மேரி பிஸ்கட் ஒன்றுக்கு 25 கலோரி வீதம் ஆறுக்கு 150. சிக்கன் சோறு 100 கிராமுக்கு ஏறக்குறைய 150. ஆக 420 ஆகிவிட்டது. நாலில் மூன்று பங்குக்கு மேல் வயிறு நிரம்பிய நாய் முன்னால் காய்ந்த உருண்டைகளை வைத்தால் அது ஏன் வாய் வைக்கப்போகிறது? மூன்று பிராண்டு மாற்றியதில் லாபம் கடைக்காரருக்குத்தான்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ட்ரை ஃபுட்டை ஒதுக்கினால் கொஞ்ச நேரத்தில் சிக்கன் வரும் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. நாம் பிடிவாதம் என்று சொல்வது பெரும்பாலும் இந்தப் பாடம்தான். மாற்ற வேண்டியது சாப்பாடு வரும் முறை. பிராண்டை மாற்றிப் பயனில்லை. கையிலிருக்கும் மூன்றில், பாக்கெட்டில் முழுமையான உணவு (தேவையான சத்து எல்லாம் அதிலேயே இருக்கிறது என்று பொருள்) என்று போட்டிருப்பதும் வளர்ந்த நாய்க்கு உரியதுமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள்.

முதலில் பாலையும் பிஸ்கட்டையும் நிறுத்துங்கள். இதை நாயிடம் சொல்வதைவிட வீட்டிலுள்ளவர்களிடம் சொல்வது கடினம். மாமியாருக்குக் கொடுக்காமல் இருக்க மனம் வராது என்றால், அன்றைய ட்ரை ஃபுட்டிலிருந்தே பத்துப் பதினைந்து உருண்டைகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் கொடுக்கிற ஆசையும் தீரும், கணக்கும் மாறாது.

பிறகு ஒரு சமையலறைத் தராசு வேண்டும். கப்பால் அளந்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு விழும், இவ்வளவு சின்ன நாய்க்கு அந்த வித்தியாசமே பெரிது. 100 கிராமுக்கு 360 கலோரி உள்ள ட்ரை ஃபுட் என்றால் ஒரு நாளைக்கு 150 கிராம் போதும், வேளைக்கு 75 கிராம். அந்த 75 கிராமுக்கு ஈடு 180 கிராம் சிக்கன் சோறு. பலரும் தவறுவது இங்கேதான்: பாதிக்குப் பாதி என்று எடையில் கலப்பார்கள், கலோரி எகிறிவிடும், நாய் பாதியைத் தட்டிலேயே விட்டுவிடும், உடனே பிடிக்கவில்லை என்று முடிவு கட்டுவார்கள்.

முதல் மூன்று நாள் வேளைக்கு 20 கிராம் ட்ரை ஃபுட், 135 கிராம் சிக்கன் சோறு. உருண்டைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, விரலால் மசித்து, சோற்றோடு நன்றாகப் பிசைந்துவிடுங்கள். முழு உருண்டையாகப் போட்டால் சிக்கனை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு உருண்டைகளைத் தட்டைச் சுற்றித் துப்பி வைக்கும். நாலாம் நாளிலிருந்து மூன்று நாளைக்கு 40 கிராமும் 90 கிராமும். அடுத்த மூன்று நாள் 55 கிராமும் 45 கிராமும். இப்போது மசிக்க வேண்டாம், உருண்டை முழுதாக இருக்கட்டும், சிக்கனை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி அதன்மேல் பூசினாற்போல் கலந்துவிடுங்கள். பத்தாம் நாள் 75 கிராம் ட்ரை ஃபுட் மட்டும், மேலே இரண்டு ஸ்பூன் சிக்கன் வெந்த தண்ணீர். அந்தச் சிக்கனில் உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் போட்டிருக்கக் கூடாது. நடுவில் மலம் இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி மூன்று நாள் நின்று பிறகு ஏறுங்கள்.

உணவு நம் உடல் சூட்டளவுக்கு வெதுவெதுப்பாக இருந்தால் மணம் எழும்பும். நாய் நாக்கைவிட மூக்கால்தான் முதலில் தீர்மானிக்கிறது. ஆனால் கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், சில வைட்டமின்கள் சூட்டில் வீணாகும்.

தட்டை வைத்ததும் நகர்ந்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சுவதும், கையில் எடுத்து ஊட்டுவதும், சாப்பிடாதபோது கிடைக்கும் கவனிப்பு. அதுவே அதற்கு ருசி. இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், மிச்சம் இருந்தாலும் சரி. அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். மறு வேளைக்குப் புதிதாகக் கலந்து வையுங்கள், ஊறிய மிச்சம் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும்.

பெரும்பாலும் மூன்றாம் நாள் ராத்திரிதான் யாராவது ஒருவர் மனம் இளகி ஒரு துண்டு சிக்கனை நீட்டுவார். அதோடு எல்லாம் போயிற்று. மூன்று நாள் காத்தால் கிடைக்கும் என்று நாய் புரிந்துகொள்ளும், அடுத்த தடவை ஐந்து நாள் காக்கும். முழு மனதாகச் செய்ய முடியாத வாரத்தில் தொடங்காமலே இருப்பது நல்லது. ஆரோக்கியமான வளர்ந்த நாய் ஒரு வேளை தவறவிட்டால் ஒன்றும் ஆகாது. ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை, அல்லது வாந்தி, சோர்வு இருக்கிறது என்றால் முறையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: மூன்று மாத ராஜபாளையம் குட்டி. சோறும் கறியும் மட்டும்தான் சாப்பிடுகிறது. முன்னங்கால் லேசாக வளைவதுபோல் தெரிகிறது. டாக் ஃபுட் எல்லாம் கெமிக்கல் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். கறிச்சோற்றோடு கால்சியம் சிரப் கொடுத்தால் போதாதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: இந்தக் கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்காமல் இதற்குள் மருத்துவரிடம் காட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறோம். இல்லையென்றால் நாளைக்கே காட்டுங்கள். கால் வளைவதற்குக் காரணம் பல: வழுக்கும் டைல்ஸ் தரை, வளரும் எலும்பின் நுனியில் பட்ட அடி, சத்துக் குறைவு. எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். அதுவரை மாடிப்படி, குதி விளையாட்டு வேண்டாம், தரையில் சாக்கு விரித்து விடுங்கள்.

கறிச்சோற்றில் என்ன குறை என்றால், எலும்பு நீக்கிய கோழிக்கறி 100 கிராமில் கால்சியம் பத்துப் பதினைந்து மில்லிகிராம்தான், பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவில் இருக்கும். சோறும் கைகொடுக்காது, அதிலும் கால்சியம் சொற்பம். வளரும் குட்டிக்கு இரண்டும் ஏறத்தாழச் சமமாகவோ, கால்சியம் சற்றுக் கூடுதலாகவோ வேண்டும். ரத்தத்தில் கால்சியம் குறையக் கூடாது என்பதால் உடல் அதை எலும்பிலிருந்து எடுக்கிறது. எலும்பு மெலிகிறது, வளைகிறது, சோபாவிலிருந்து குதித்தாலே முறிந்தும் போகும். கறி நிறையப் போடும் வீடுகளில்தான் இதைப் பார்க்கிறோம். செலவு குறைத்ததால் வரும் நோய் இல்லை இது.

சிரப்பை நீங்களாக ஊற்றுவதில் எதிர்ப்பக்க ஆபத்து. ராஜபாளையம், லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனக் குட்டிகளின் குடல், இந்தச் சின்ன வயதில், கூடுதலாக வரும் கால்சியத்தைத் தடுத்து நிறுத்தாது. வந்ததை உள்ளே விடும், அதனாலும் எலும்பு, மூட்டு வளர்ச்சி கோணலாகும். பெரிய இனக் குட்டிகளுக்கான உணவில் ஈரம் நீக்கிய எடையில் கால்சியம் 1.2 சதவீதத்துக்குக் குறையாமல் 1.8 சதவீதத்துக்கு மிகாமல் வைப்பதற்குக் காரணம் அதுதான். அந்த உணவைக் கொடுக்கும்போது மேலே சிரப்பும் சேர்த்தால் கணக்குக் கெட்டுவிடும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும், அவர் சொன்ன அளவில்.

எனவே பாக்கெட்டில் பெரிய இனக் குட்டிக்கு உரியது என்று போட்டிருக்கும் உணவாகப் பாருங்கள். மூன்று மாதம் என்றால் ஒரு நாளைக்கு நாலு வேளை, அதன்பின் ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு. முதல் பதிலில் சொன்ன ஊறவைத்து மசிக்கும் வழி இதற்கும் பொருந்தும். தட்டை எடுத்துவிட்டு அடுத்த வேளை வரை பசியோடு விடும் வழி குட்டிக்கு வேண்டாம். அதிலும் ஷிட்சூ, பொமரேனியன், சிவாவா போன்ற சின்ன இனக் குட்டிகளைப் பட்டினி போட்டால் சில மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை விழுந்து தள்ளாடும், வலிப்புகூட வரும். அப்படி ஆனால் ஈறில் துளி தேன் தடவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

குட்டி திடீரென்று எதையும் தொடாமல் வாந்தி எடுத்தால் அதை ருசிப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். குட்டிகளின் உயிரைப் பறிக்கும் பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம், அரை நாள்கூடப் பொறுக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு ஒன்றரை வயது. ஒரு நாளில் ஒரு வேளைதான் ஒழுங்காகச் சாப்பிடுகிறது. விலா எலும்பு தெரிகிறது. நெய் சேர்த்துக் கொடுக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: சிப்பிப்பாறை வேட்டை ஓட்டத்துக்கு வார்த்த உடம்பு. கடைசி இரண்டு மூன்று விலா தெரிவதும் வயிறு உள்வாங்கியிருப்பதும் அதற்கு இயல்பு. லேப்ரடாரைப் பார்த்த கண்ணால் அதைப் பார்க்கக் கூடாது. முதுகெலும்பின் இரு பக்கமும் தொடையிலும் சதை கெட்டியாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அது இருந்தால் நாய் நலம். முதுகு முள்ளும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு சதை வற்றியிருந்தால் மலப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

ஏப்ரல், மே வெயிலில் எல்லா நாயும் குறைவாகவே சாப்பிடும். காலைத் தட்டை ஆறரைக்கு முன்பும் மாலைத் தட்டை ஏழரைக்குப் பின்பும் வைத்துப் பாருங்கள். நெய் வேண்டாம், பழகாத கொழுப்பைத் திடீரென்று கொடுப்பது கணைய அழற்சிக்கு வழி வைக்கும்.

கேள்வி: ஒன்பது வயது லேப்ரடார். இத்தனை வருஷம் எதைப் போட்டாலும் தின்றது. ஒரு வாரமாக ட்ரை ஃபுட்டைத் தொடவில்லை, தயிர்சாதம் மட்டும் நக்குகிறது. அலுத்துப் போயிருக்குமோ?
– வாசகர், சென்னை

பதில்: அலுப்பு இல்லை. லேப்ரடார்களில் கணிசமானவற்றுக்குப் பசியை அடக்கும் மரபணு ஒன்று பழுதாகவே இருக்கும், அதனால்தான் அந்த இனம் எப்போதும் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அப்படிப்பட்ட நாய் ஒரு வாரம் ஒதுக்கினால் நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே எந்த உணவு முறையும் வேண்டாம், மருத்துவர்தான்.

கெட்டியானதை விட்டு மெத்தென்றதைத் தேடுவது வாய் வலியின் அடையாளம். உதட்டைத் தூக்கிக் கடைவாய்ப் பல்லைப் பாருங்கள்: பழுப்புக் காரை, சிவந்த ஈறு, துர்நாற்றம், ஒரு பக்கமாகவே மெல்லுதல். கூடவே தண்ணீர் நிறையக் குடித்து நிறைய மூத்திரம் போனால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். ஈறு வெளுத்திருந்தாலோ, காய்ச்சல், மூக்கில் ரத்தம் இருந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், நம் ஊரில் அது சகஜம். கருத்தடை செய்யாத பெட்டை என்றால் கடைசியாகச் சூட்டுக்கு வந்த தேதியைச் சொல்லுங்கள். அதற்குப் பின் ஒன்றிரண்டு மாதத்துக்குள் கருப்பையில் சீழ் கட்டுவது உண்டு, உயிருக்கே ஆபத்தானது. ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ரத்தத் தடவல் (கண்ணாடியில் ரத்தத் துளியைப் பரப்பிக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது), கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) மூன்றையும் முதலில் கேட்பார்கள். வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள்.

கேள்வி: 10 கிலோ நாய். விலை கட்டுப்படியாகும் என்று 20 கிலோ மூட்டை வாங்கினோம். ஒன்றரை மாதம் நன்றாகச் சாப்பிட்டது, இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.
– வாசகி, சேலம்

பதில்: கெட்டுப்போயிருப்பது உணவாக இருக்கலாம். 10 கிலோ நாய் ஒரு நாளைக்கு 170 கிராம்தான் சாப்பிடும். 20 கிலோ மூட்டை நாலு மாதம் கிடக்கும். உருண்டைகளின் மேல் பூசியிருக்கும் கொழுப்பு காற்றும் சூடும் பட்டுச் சிக்கடிக்கும். நமக்குத் தெரியாத அந்த வாடை நாய்க்கு முதலிலேயே தெரிந்துவிடும். திறந்த பையை ஐந்தாறு வாரத்தில் முடித்துவிட வேண்டும், எனவே உங்களுக்கு 3 கிலோ பை ஏற்றது. கடையில் சாக்கைத் திறந்து வைத்துக் கிலோ கணக்கில் நிறுத்துத் தருவதை வாங்காதீர்கள்.

உணவைப் பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி வைக்காமல், பையோடு மூடி இறுகிய டப்பாவில் இறக்கிவையுங்கள். கொட்டினால் அடியில் ஒட்டிய பழைய கொழுப்பு புதிய உணவையும் கெடுக்கும். பையில் உள்ள தேதியும் பேட்ச் எண்ணும் போய்விடும். அடுப்படி, மொட்டைமாடி அறை இரண்டும் வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் அசைவம் சமைப்பதில்லை. ட்ரை ஃபுட்டில் ருசிக்கு எதைக் கலக்கலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வேகவைத்து மசித்த பரங்கிக்காய் அல்லது கேரட் ஒரு மேசைக்கரண்டி, புளிக்காத தயிர் ஒரு மேசைக்கரண்டி, உப்பில்லாத பனீர் ஒரு துண்டு, முட்டைக்கு ஆட்சேபம் இல்லையென்றால் வேகவைத்தது பாதி. இவை மொத்தமும் நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் முழுமையான உணவு முழுமையாக இல்லாமல் போகும். சாம்பார், குழம்பு, ரசத் தண்ணீர் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வெந்தாலும் அந்தக் குணம் போகாது. கேசரியிலும் பாயசத்திலும் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், பண்டிகை நாளில் தட்டை வழித்துப் போடுமுன் பாருங்கள். சைவ டாக் ஃபுட்டும் கிடைக்கிறது. அதிலும் முழுமையான உணவு என்ற வார்த்தை பாக்கெட்டில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.