நீளம் கூடினால் முழுமை ஆகிவிடுமா?

கேள்வி: 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் 'தி மெஷர் ஆஃப் எ மேன்' எபிசோடை ப்ளூ-ரே டிஸ்க்கில் நீட்டிக்கப்பட்ட வடிவில் பார்த்தேன். ஒளிபரப்பானதைவிடப் பத்து நிமிடங்களுக்கும் மேல் அதிகம். படைப்பாளிகள் மனத்தில் இருந்த முழு வடிவம் இதுதானே? விளம்பரக்காரர்களுக்காக வெட்டிக் கொடுத்த பழைய வடிவத்தை இனியும் யாராவது பார்க்க வேண்டுமா? என் மகளுக்கு முதன்முறையாகக் காட்டப் போவதால் கேட்கிறேன். வெட்டுவதிலேயே இன்பம் காணும் பத்திரிகை ஆசிரியரிடம் நியாயமான பதிலை எதிர்பார்க்கலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எதிர்பார்க்கலாம். உங்கள் கடிதம் நான்கு பக்கம் இருந்தது. மேலே அச்சாகியிருப்பதில் நீங்கள் கேட்க வந்தது எதுவும் விடுபட்டிருந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறேன்.

விளம்பரத்தின் மீது நீங்கள் சுமத்தும் பழியில் பாதி உண்மை இருக்கிறது. 1989 பிப்ரவரியில் அந்த எபிசோட் வெளியானபோது, தொடர் எந்த ஒரு தேசியத் தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் சொந்தமாக இல்லாமல், அமெரிக்கா முழுவதும் தனித்தனி நிலையங்களுக்கு விற்கப்பட்டு வந்தது. எல்லா நிலையங்களின் விளம்பர இடைவெளிகளுக்கும் பொருந்தும்படி ஒவ்வொரு எபிசோடும் ஏறக்குறைய 46 நிமிடத்துக்குள் அடங்கியாக வேண்டும் என்பது மீற முடியாத விதி. ஆனால் விளம்பரமே இல்லாத பிபிசியில் வந்த 'டாக்டர் ஹூ' தொடரிலும் இதே கதை நடந்திருக்கிறது. அதே 1989-இல் நான்கு பகுதிகளாக வந்த 'தி கர்ஸ் ஆஃப் ஃபென்ரிக்' கதைக்கு எடுத்த காட்சிகள், பகுதிக்கு 25 நிமிடம் என்ற அளவுக்குள் அடங்கவில்லை. வெட்டித்தான் ஒளிபரப்பினார்கள். நேரத்துக்குக் கட்டுப்பட்டது தொலைக்காட்சி என்னும் ஊடகமே. விளம்பரம் அந்த நேரத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கியது, அவ்வளவுதான்.

இனி 'படைப்பாளிகளின் முழு வடிவம்' என்பதற்கு வருவோம். நீங்கள் பார்த்தது எப்படிக் கிடைத்தது தெரியுமா? மனித உருவ இயந்திரம் ஒன்றின் உரிமை வழக்கைச் சொல்லும் அந்த எபிசோடை எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ், வழக்கறிஞராக இருந்து எழுத்துக்கு வந்தவர். நீதிமன்றக் காட்சிகளில் தெரியும் கட்டுக்கோப்புக்கு அதுவும் ஒரு காரணம். எடிட்டிங்கின் தொடக்க நிலையில் இருந்த நீளமான தொகுப்பின் விஎச்எஸ் நாடா ஒன்று அவரிடம் இருந்தது. தொடர் முழுவதும் 35 மி.மீ. ஃபிலிமில் படமாக்கப்பட்டு, பிறகு சாதாரண வீடியோ நாடாவில் தொகுக்கப்பட்டது. ப்ளூ-ரேக்காக உயர் தெளிவில் புதுப்பிக்க முனைந்தபோது, அந்த வீடியோ நாடாக்கள் உதவாது என்பதால், மூல நெகட்டிவ்களுக்கே திரும்பி ஒவ்வொரு காட்சித்துண்டையும் தேடி எடுத்து மறுபடியும் தொகுக்க வேண்டியிருந்தது. அப்படித் தேடியதில்தான் ஒளிபரப்பில் இடம்பெறாத காட்சிகளும் கைக்கு வந்தன. விஎச்எஸ் நாடாவை வழிகாட்டியாக வைத்து 57 நிமிட வடிவத்தை உருவாக்கி, 2012 டிசம்பரில் இரண்டாம் சீசன் டிஸ்க்கில் சேர்த்தார்கள். அதாவது, நீங்கள் 'முழு வடிவம்' என்று போற்றுவது, வேலை பாதியில் இருந்தபோது எடுத்த ஒரு நகலின் வழியே பிற்காலத்தில் கட்டி எழுப்பியது. முதல் தொகுப்பு எல்லாப் படங்களுக்கும் நீளமாகத்தான் இருக்கும். அது நீளமாக இருந்தது என்பதற்காகவே அதுதான் இறுதி நோக்கம் என்று ஆகிவிடாது.

சேர்ந்த நிமிடங்களில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் பேச்சு. விண்கப்பலின் கேப்டன் பிக்கார்டுக்கும் வழக்கை விசாரிக்கும் அதிகாரி லூவாவுக்கும் இடையே இருந்த பழைய உறவு இன்னும் கொஞ்சம் விரிகிறது. விடைபெறும் காட்சிகள் நீள்கின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் டேட்டா என்ற அந்த மனித உருவ இயந்திரம் (ஆண்ட்ராய்டு) ஒரு சொத்தா, தன்னைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை உள்ளவனா என்ற வழக்கில் ஒரு புதிய வாதம்கூட இவற்றால் சேரவில்லை. பயன்படுத்தித் தூக்கியெறியத் தலைமுறை தலைமுறையாக உயிர்களை உருவாக்குவது பற்றி கப்பலின் மதுக்கூடத்தை நடத்தும் கைனன் சாதாரணமாகப் பேசிக்கொண்டே போக, அந்தப் பேச்சின் பெயர் அடிமைமுறை என்பது பிக்கார்டுக்கு உறைக்கும் இடம் 1989 வடிவத்திலேயே இருக்கிறது.

பிக்கார்டின் துணை அதிகாரி ரைக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பன் டேட்டாவுக்கு எதிராக வாதாடும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர் அவர். ஒழுங்காக வாதாடாவிட்டால் நண்பனுக்கு எதிராகத் தீர்ப்பு முடிந்துவிடும். தனியே உட்கார்ந்து டேட்டாவின் தொழில்நுட்ப வரைபடங்களைத் திரையில் புரட்டுகிறார். ஏதோ ஒன்று கண்ணில் படுகிறது. வெல்லும் வழி கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் முகத்தில் ஒரு புன்னகை எழுகிறது. எழுந்த வேகத்திலேயே, தான் எதற்காக மகிழ்கிறோம் என்பது புரிந்து அது செத்துப் போகிறது. ஒரு வசனமும் இல்லை. சில நொடிகள்தான். பிறகு நீதிமன்றத்தில் டேட்டாவின் கையைக் கழற்றிக் காட்டுவதும், முதுகில் இருக்கும் சுவிட்சை அணைத்து அவனை மேசை மீது சாய விடுவதும் நம்மைத் தாக்குவது இந்தச் சில நொடிகளின் பலத்தில்தான். ரைக்கரின் வேதனையை யாராவது வாயால் விளக்க ஆரம்பித்தால் இந்தப் புன்னகையின் எடை குறையும். கடிகாரத்துக்குப் பயந்து வெட்டியவர்கள் இங்கே, தெரிந்தோ தெரியாமலோ, கதைக்கு நல்லதே செய்திருக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வின் 'அன்ஃபினிஷ்ட் பிசினஸ்' (2006) எபிசோடைப் பொறுத்தவரை நான் உங்கள் கட்சி. விண்கப்பலில் பதவி வேறுபாடு பார்க்காமல் ஒருவரையொருவர் குத்துச்சண்டைக்கு அழைக்கலாம் என்பது ஏற்பாடு. நடுநடுவே, நியூ காப்ரிகா கிரகத்தில் கழிந்த ஓர் இரவின் நினைவுகள் வந்து போகின்றன. டிவிடியில் வந்த வடிவம் ஏறக்குறைய 25 நிமிடம் அதிகம். ஒளிபரப்பில் அந்த இரவு தகவலாக மட்டுமே வந்து சேர்ந்தது: விமானிகளான லீயும் காராவும் சேர்ந்திருந்தார்கள், விடிந்ததும் அவள் போய் வேறொருவனை மணந்துகொண்டாள். நீண்ட வடிவத்தில் குடியும் கூத்துமாக அந்த இரவு மெல்ல மெல்லக் கனிகிறது. அந்த நிதானத்தை அனுபவித்தவனுக்குத்தான் குத்துச்சண்டை மேடையில் அவர்கள் இருவரும் எதற்காக அப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்பது உடம்பில் படும். நேரம்தான் இந்தக் கதையின் கச்சாப்பொருள். அதைப் போய் வெட்டினார்கள்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி எத்தனை நிமிடம் கூடியது என்பதல்ல. எதற்காக வெட்டினார்கள், யார் மறுபடியும் ஒட்டினார்கள் என்று கேளுங்கள். மேலே சொன்ன ஃபென்ரிக் கதையின் 2003 டிவிடி சிறப்பு வடிவம், இயக்குநர் நிகோலஸ் மாலெட் மறைந்த பல ஆண்டுகளுக்குப் பிறகு, அதற்கு இசையமைத்த மார்க் ஏயர்ஸ் தொகுத்து, புதிய கிராஃபிக்ஸ் சேர்த்து, ஒரே படமாக ஆக்கியது. அன்போடு செய்த வேலைதான். ஆனாலும் இயக்குநரின் வடிவம் என்று அதை எப்படி அழைப்பது? இதற்கு நேர் எதிரான ஒன்றும் இருக்கிறது. 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' தொடரின் 1997 தொடக்க எபிசோடை, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பிராட் ரைட் 2009-இல் கையில் எடுத்தபோது, தான் தொடக்கத்திலிருந்தே விரும்பாத நிர்வாணக் காட்சியை நீக்கினார், தொகுப்பையும் இசையையும் மாற்றினார். படைப்பாளிக்குச் சுதந்திரம் கிடைத்தபோது கத்தரிக்கோலும் கூடவே வந்தது.

இணையத்தில் தொடர்கள் வரும் இப்போது அந்தக் கடிகாரமும் இல்லை. நெட்ஃப்ளிக்ஸின் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நான்காம் சீசனின் கடைசி எபிசோட் இரண்டேகால் மணி நேரத்தைத் தாண்டி ஓடியது. நீட்டிக்கப்பட்ட வடிவம் என்று தனியாக வெளியிட இனி ஒன்றும் மிஞ்சாது போலிருக்கிறது. வீட்டுக்கு வருவதே அதுதான்.

வெட்டியதை எரித்துவிடலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'ஸ்டார் ட்ரெக்'கின் நிராகரிக்கப்பட்ட முதல் சோதனை எபிசோடான 'தி கேஜ்' படத்தின் காட்சிகளை 1966-இல் வேறொரு கதைக்குள் வைப்பதற்காக வெட்டி எடுத்தார்கள். அதனால் 1986-இல் அதை வீடியோவில் வெளியிட்டபோது, கிடைத்த வண்ணத் துண்டுகளோடு ஒரு கறுப்பு-வெள்ளைப் பிரதியை ஒட்டுப்போட வேண்டி வந்தது, முழு வண்ணத்தில் பார்க்க மேலும் இரண்டு ஆண்டு காத்திருக்க நேர்ந்தது. எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். உங்கள் டிஸ்க் அதைச் சரியாகவே செய்திருக்கிறது: ஒளிபரப்பான எபிசோட் அதன் வரிசையிலேயே இருக்கிறது, நீண்டது அதனோடு கூடுதலாக இருக்கிறது.

உங்கள் மகளுக்கு வரிசையில் இருப்பதைக் காட்டுங்கள். பார்த்து முடித்தபின் பிக்கார்டுக்கும் லூவாவுக்கும் அப்படி என்னதான் நடந்தது என்று அவர் கேட்டால் மற்றதைப் போடுங்கள். கேட்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். எதுவானாலும் அந்த டிஸ்க்கை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.