உகாண்டாவுக்குத் தன்னார்வப் பணிக்குப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

நான் செவிலியர். உகாண்டாவில் ஜின்ஜா பக்கம் ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்தில் இரண்டு தடவையாக மொத்தம் பதினான்கு மாதம் இருந்தேன். போன வாரம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, என்னென்ன தடுப்பூசி போட வேண்டும்? அடுத்த மாதமே கிளம்புகிறேன்.

அப்படியென்றால் இந்த வாரமே பயண மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம், அந்தச் சான்று இல்லாமல் எண்டெபே விமான நிலையத்தில் உள்ளே விட மாட்டார்கள், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும் என்பதால் கடைசி நேரத்தில் ஓடிப் பயனில்லை. 2016இலிருந்து ஒரு முறை போட்டாலே ஆயுளுக்கும் செல்லும். அந்தச் சான்றான மஞ்சள் அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள், உகாண்டாவிலிருந்து வருகிறவர்களிடம் இந்தியாவும் இலங்கையும் அதைக் கேட்கின்றன. இது உயிருள்ள கிருமியில் செய்த ஊசி, அதனால் கர்ப்பம், நோய் எதிர்ப்புக் குறைவு, கடுமையான முட்டை ஒவ்வாமை இருந்தால், அல்லது வயது அறுபதைத் தாண்டியிருந்தால், மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் பற்றியும் கேளுங்கள். கிராமத்தில் தங்குவதென்றால் ரேபிஸ் ஊசியும் முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது.

மலேரியா மாத்திரை தினமும் சாப்பிட்டே ஆக வேண்டுமா? பக்க விளைவு அதிகம் என்கிறார்களே.

சாப்பிட்டே ஆக வேண்டும். அங்கே பெரும்பாலும் வருவது ஃபால்சிபாரம் வகை, சில நாளிலேயே ஆளைக் கொல்லக்கூடியது. மூன்று மருந்துகளில் ஒன்றைத் தருவார்கள். அடோவகுவோன்-புரோகுவானில் தினமும் ஒன்று, திரும்பிய பிறகு ஏழு நாள் தொடர வேண்டும். டாக்சிசைக்ளினும் தினமும்தான், ஆனால் திரும்பி நான்கு வாரம் தொடர வேண்டும், வெயிலில் தோல் எளிதாகக் கருகும், நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுக்கக் கூடாது. மெஃப்ளோகுவின் வாரம் ஒன்று, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். மனச்சோர்வு, பதற்றம், வலிப்பு என்று முன்பு ஏதாவது இருந்தவர்களுக்கு அது ஆகாது. எது உங்களுக்குச் சரி என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

என்னோடு தங்கியிருந்த ஒரு பெண் ஊர் திரும்பிய அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டாள். மூன்றாவது வாரம் காய்ச்சல். பார்த்த மருத்துவர் சாதாரண ஃப்ளூ என்று அனுப்பிவிட்டார், அவளுக்கும் உகாண்டா என்ற பெயரைச் சொல்லத் தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் மலேரியா என்று தெரிந்தது. பிழைத்துவிட்டாள், இன்னும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறும். அதனால் கேட்கிறேன், திரும்பி ஓராண்டுக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் முதலில் சொல்ல வேண்டியது எங்கே போய் வந்தீர்கள் என்பதைத்தான், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை.

மாத்திரை மட்டும் போதாது. மலேரியா கொசு கடிப்பது பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை. மருந்து ஊட்டிய கொசுவலை, முழுக்கை, டீட் என்ற கொசுவிரட்டி மருந்து கலந்த பூச்சு மூன்றும் வேண்டும். சன்ஸ்கிரீன் போடுவதாக இருந்தால் அது முதலில், டீட் அதன் மேல்.

விக்டோரியா ஏரியில் குளிக்கலாமா?

வேண்டாம். கரையோர நத்தைகளிலிருந்து வரும் பில்ஹார்சியா புழு தோல் வழியாகவே உள்ளே போய்விடும். இன்னொன்று, வெளியே உலர்த்திய துணியை, உள்ளாடை உட்பட, நன்றாக இஸ்திரி போட்டு உடுத்துங்கள். மாங்கோ ஈ ஈரத்துணியில் முட்டையிடும், புழு தோலுக்குள் வளரும்.

சுற்றுலா விசாவில் போய் வேலை செய்தால் என்ன? சம்பளமே இல்லையே.

சம்பளம் இல்லாவிட்டாலும் குடிவரவுத் துறைக்கு அது வேலைதான். உங்களை அழைக்கும் அமைப்பிடம் அதற்கான அனுமதியை வாங்கித் தரச் சொல்லுங்கள். "எல்லாரும் சுற்றுலா விசாவில்தான் வருகிறார்கள்" என்று அவர்கள் மழுப்பினால் அந்த அமைப்பையே மறுபடி யோசிக்க வேண்டும்.

அனாதை இல்லத்தில் ஒரு மாதம் இருக்க ஆசை. எனக்குப் பயிற்சி எதுவும் கிடையாது, குழந்தைகள் என்றால் உயிர்.

தம்பி, உங்கள் மனசு எனக்குப் புரிகிறது, ஆனால் தயவுசெய்து போகாதீர்கள். அந்த இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுவிடுகிறது. வெளிநாட்டுக்காரர்கள் பணம் கட்டி வரவர, இல்லங்களை நிரப்பக் குழந்தைகளைத் தேடும் ஆட்களும் வருகிறார்கள். ஒரு மாதம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு நீங்கள் கிளம்பிவிடுவீர்கள், அடுத்த மாதம் இன்னொருவர், ஒட்டிக்கொண்ட குழந்தை ஒவ்வொரு தடவையும் பிரிவைத் தாங்க வேண்டும். குழந்தையைப் பெற்றோரோடு வைத்திருக்க உதவும் வேலைகளில் சேருங்கள், பள்ளிக் கட்டணம், உள்ளூர் ஆசிரியருக்குத் துணை, இப்படி. எங்கே சேர்ந்தாலும் முதலில் ஒன்று கேளுங்கள்: இந்த வேலையைச் செய்ய அந்த ஊரிலேயே ஆள் இல்லையா? இங்கே செய்ய உரிமமில்லாத ஒன்றை, ஊசி போடுவதோ பிரசவம் பார்ப்பதோ, அங்கேயும் செய்யக் கூடாது. நான் செவிலியராக இருந்தும் முதல் இரண்டு வாரம் அங்கிருந்த மூத்த செவிலியர் பின்னால் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டேன், என்னைவிட மலேரியா அவருக்குத்தான் தெரியும்.

பழைய துணி ஒரு பெட்டி கொண்டு போகலாமா?

வேண்டாம், தலைநகர் கம்பாலாவின் ஓவினோ சந்தையில் பழைய துணி குவிந்து கிடக்கிறது. நோட்டு, பென்சில் எல்லாம் அங்கேயே வாங்குங்கள், அந்தக் கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும்.

எடுத்துப் போக வேண்டியது என்ன அக்கா?

நிலநடுக்கோட்டு நாடு என்று மெல்லிய துணியாக அள்ளிக்கொண்டு போகாதீர்கள். கம்பாலாவே சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவில் ஸ்வெட்டர் கேட்கும், தென்மேற்கு மலைப்பகுதியில் உள்ள கபாலே பக்கம் போனால் நடுங்குவீர்கள். முழங்கால் மறைக்கும் உடை. ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட உடை மட்டும் வேண்டாம், பொதுமக்கள் அணிவது அங்கே குற்றம். தலையில் மாட்டும் டார்ச், மூன்று செவ்வகக் கம்பி பிளக்குக்கான அடாப்டர், மழைக்கோட்டு (மார்ச் முதல் மே வரை, செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை). டாலர் நோட்டு புதியதாக, கசங்காமல் இருக்கட்டும், பழைய வருட நோட்டுகளை வாங்க மறுப்பார்கள். போடா போடா என்ற பைக் டாக்ஸியில் ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள், இரவில் ஏறவே வேண்டாம்.

மொழி தெரியாதே?

ஆங்கிலம் போதும். ஆனாலும் லுகாண்டாவில் நாலு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். யாரிடமும் எடுத்த எடுப்பில் கேள்வி கேட்டுவிடக் கூடாது, முதலில் வணக்கமும் நலம் விசாரிப்பும்தான். ஆணை ஸெபோ என்றும் பெண்ணை ந்யாபோ என்றும் மரியாதையாக அழைப்பார்கள். நன்றிக்கு வெபாலே. அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று, வேலை செய்துகொண்டிருப்பவரைக் கடந்து போகும்போது 'ஜேபாலே கோ' என்பார்கள், நீங்கள் செய்கிற வேலைக்கு நன்றி என்று பொருள். காலையில் வாசல் பெருக்கும் அம்மாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.