காவிரிக் கரை வீட்டுக்கு எந்தப் பை?

கேள்வி: குமாரபாளையத்தில் ஆற்றை ஒட்டிய வீதியில் குடியிருக்கிறோம். வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் 4 தறி ஓடுகிறது. நான், கணவர், நான்காம் வகுப்புப் படிக்கும் மகன், தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமியார். தண்ணீர் வந்தால் மண்டபத்துக்குப் போகச் சொல்கிறார்கள். '72 மணி நேர எமர்ஜென்சி கிட்' என்று ஆன்லைனில் 6,800 ரூபாய்க்கு ஒன்று வருகிறது. வாங்கலாமா? பத்திரங்களை லேமினேட் செய்து வைக்கச் சொல்கிறார் தெரிந்தவர் ஒருவர். செய்யலாமா? வால்பாறையில் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கும் என் தங்கைக்கும் அதே கிட் போதுமா?

பதில்: கிட் வேண்டாம் அம்மணி. லேமினேட்டும் வேண்டாம். தங்கைக்கு வேறு பை, கடைசியில் சொல்கிறேன்.

அந்த மாதிரி கிட்டுகளைப் பிரித்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இதுதான்: கையால் சுற்றுகிற டார்ச், வெள்ளித்தாள் மாதிரி ஒரு போர்வை, திசைகாட்டி, விசில், நாலு பிளாஸ்டர் போட்ட முதலுதவி டப்பா. குளிர் நாட்டுக் காட்டில் வழி தவறியவருக்காக யோசித்தது. பவானிக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவே திசைகாட்டியை வைத்து என்ன செய்வது? ஆறு எந்தப் பக்கம் என்று உங்கள் பையனுக்கே தெரியும். உங்கள் மாமியாரின் மருந்தும், அவர் மூக்குக் கண்ணாடியும், உங்கள் வீட்டுக் காகிதமும் எந்த கிட்டிலும் வராது. மண்டபத்தில் அழ வைப்பது அவை இல்லாததுதான்.

முதலில் உங்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று பாருங்கள். உங்கள் ஊருக்கு வருவது அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீர். குடகிலும் வயநாட்டிலும் கொட்டுகிற மழை கிருஷ்ணராஜ சாகர், கபினி வழியாக மேட்டூருக்கு வருகிறது. மேட்டூர் 120 அடியில் நிரம்பிவிட்டால் வருகிற தண்ணீரை 16 கண் மதகு வழியாக அப்படியே வெளியே விட்டாக வேண்டும். 2018 ஆகஸ்ட்டிலும் 2022 ஆகஸ்ட்டிலும் அது 2 லட்சம் கன அடியை ஒட்டிப் போனது. அந்த நேரத்தில் குமாரபாளையத்தில் வெயில் காயலாம். வானத்தைப் பார்த்துவிட்டு 'வராது' என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. மேட்டூரிலிருந்து தண்ணீர் வந்து சேரும் வரை உங்களுக்குச் சில மணி நேரம் இருக்கிறது. அது வேறு ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காத வசதி.

அந்த வசதியை அறிவிப்பு கெடுக்கிறது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி 'தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்' என்று ஒவ்வொரு தடவையும் அதே வாசகம். எது தாழ்வு? எத்தனை கன அடிக்கு எந்த வீதி? இந்த விவரம் கிராம நிர்வாக அலுவலகத்தில் பழைய வெள்ளக் கணக்கிலேயே இருக்க வேண்டியது. மின்கம்பத்தில் ஒரு கோடும் ஒரு எண்ணும் எழுத எவ்வளவு பெயின்ட் ஆகும்? எழுதமாட்டார்கள். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். 2018-லும் 2022-லும் எத்தனை கன அடி திறந்தபோது உங்கள் படியில் தண்ணீர் ஏறியது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சுவரில் குறியுங்கள். அந்த எண்ணுக்கு 30,000 கன அடி குறைவாக அறிவிப்பு வரும்போதே மாமியாரையும் பையனையும் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். மண்டபம் இரண்டாவது வழிதான். சந்தேகம் வந்தால் 1077, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை.

வீட்டு ஆண்கள் கடைசி வரை கிளம்பாமல் நிற்பதற்குக் காரணம் தறி. மோட்டாரைக் கழற்ற நேரம் ஆகும் என்று தெரிந்தும் முழங்கால் தண்ணீர் வந்த பிறகுதான் ஸ்பேனரைத் தேடுவார்கள். அந்த போல்ட்டுகளுக்குச் சரியான அளவு ஸ்பேனர் ஒன்றை எண்ணெய் தடவிச் சுவரில் மாட்டி வையுங்கள். மெயினை அணைத்து மோட்டாரை மேலே ஏற்றுவது முதல் அறிவிப்பு வந்தவுடன் செய்கிற வேலை. நனைந்த மோட்டாரை எலக்ட்ரீஷியன் காயவைத்துச் சோதித்துச் சொல்லும் வரை ஓட்டக் கூடாது. கேஸ் சிலிண்டரில் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, ஜன்னல் கம்பியில் கட்டிவிடுங்கள். கேஸ் குறைந்த சிலிண்டர் தண்ணீரில் மிதந்து போகும்.

இனிப் பை. கட்டைப்பை வேண்டாம், காது அறுந்துவிடும். சூட்கேஸ் வேண்டாம், சக்கரம் சேற்றில் உருளாது. இரண்டு கையும் காலியாக இருக்கிற தோள்பைதான் வேண்டும். பையனின் பழைய பள்ளிக்கூடப் பையே போதும், ஜிப்பை மட்டும் சரிபாருங்கள். உங்களுக்கு 7 கிலோ, கணவருக்கு 9 கிலோ, பையனுக்கு 2 கிலோவுக்கு மேல் வேண்டாம். மாமியார் தோளில் எதுவும் கூடாது, அவர் உங்கள் கையைப் பிடித்து நடக்க வேண்டும். தண்ணீரில்தான் எல்லோரும் கணக்குத் தப்புகிறார்கள். ஆளுக்கு நாளுக்கு 3 லிட்டர் என்று புத்தகத்தில் இருக்கும். 4 பேர், 3 நாள் என்றால் 36 கிலோ. யார் தூக்குவது? ஆளுக்கு ஒரு லிட்டர் எடுத்துக்கொண்டு, மீதிக்குக் குளோரின் மாத்திரை. ஒரு மாத்திரை எத்தனை லிட்டருக்கு என்பது அட்டைக்கு அட்டை மாறும், அதில் எழுதியிருப்பதைப் பாருங்கள். கலங்கிய தண்ணீரை வேட்டித் துணியில் நாலாக மடித்து வடிகட்டிவிட்டுப் போட வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம்.

சாப்பிட அவல், பொரிகடலை, நாட்டுச் சர்க்கரை. அடுப்பு வேண்டாத எதுவும் சரி. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 6. அட்டைப்பெட்டியில் வருகிற இனிப்புப் பானத்தை அதற்குப் பதிலாகத் தலையில் கட்டுவார்கள், வாங்காதீர்கள். உலக சுகாதார நிறுவன அளவில் தயாரித்தது என்று பொட்டலத்தில் போட்டிருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு உடுப்பு, ஒரு துண்டு, ஆளுக்கு ஒரு வட்டல், ஒரு டம்ளர், நாப்கின், கொசு விரட்டிக் களிம்பு. எல்.இ.டி. டார்ச், செல்லைக் கழற்றித் தனியாக. பவர் பேங்கில் 10,000 என்று போட்டிருந்தால் போனுக்குப் போய்ச் சேருவது சுமார் 6,000தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏற்றி வையுங்கள். 100, 50 ரூபாய்த் தாளாக 2,000 ரூபாய். டவருக்குக் கரன்ட் போனால் ஜீபே ஓடாது.

பையைப் பரணிலும் வைக்காதீர்கள், கட்டிலுக்கு அடியிலும் வைக்காதீர்கள். வாசல் கதவுக்குப் பக்கத்தில் தோள் உயர ஆணியில் மாட்டுங்கள். ஆனி கடைசியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை பிரித்து மாத்திரைத் தேதி பாருங்கள்.

காகிதத்துக்கு வருவோம். ஆதார், குடும்ப அட்டை, பட்டா, சாதிச் சான்று இவற்றையெல்லாம் திரும்ப எடுத்துவிடலாம். டிஜிலாக்கர் என்கிற அரசு ஆப்பில் அந்தந்தத் துறையே வழங்கிய ஆவணம் (நீங்களே படம் எடுத்து ஏற்றியது இல்லை) அசலுக்குச் சமம் என்று 2017-லேயே விதி வந்துவிட்டது. ஆனாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் 'ஜெராக்ஸ் எங்கே' என்றுதான் கேட்பார். அதனால் எல்லாவற்றுக்கும் 4 செட் ஜெராக்ஸ் பையில் இருக்கட்டும். ஆதாரில் பதிந்த போன் எண் இன்னும் உங்கள் கையில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். பழைய எண் என்றால் ஓ.டி.பி. வராது, டிஜிலாக்கர் திறக்காது. கிரயப் பத்திரம், மதிப்பெண் பட்டியல், நகைக்கடன் ரசீது ஆகியவற்றின் அசல் தொலைந்தால்தான் அலைச்சல். அவை ஆடிக்கு முன்பே வங்கி லாக்கருக்கோ மேட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கோ போய்விடட்டும்.

லேமினேட் ஏன் கூடாது? ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப உரிக்க முடியாது. முத்திரையையும் கையெழுத்தையும் தொட்டுப் பார்க்க முடியாததால் வங்கியில் கேள்வி வரும். ஓரம் பிரிந்தால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராமல் காகிதம் அழுகும். சில ரசீதுகள் சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும். நூல் கோன் மூட்டைக்குள் வருகிற பாலித்தீன் உறை உங்கள் கொட்டகையிலேயே கிடக்கும். அதில் வைத்து, வாயை மூன்று மடிப்பாக மடித்து ரப்பர் பேண்ட் போட்டு, அதை இன்னொரு உறைக்குள் தலைகீழாக வையுங்கள். முதலில் ஒரு தினசரித் தாளை வைத்துக் கட்டி வாளித் தண்ணீரில் 10 நிமிடம் அமுக்கிப் பாருங்கள்.

வெள்ளம் வடிந்த மறுநாள் ஃபைலோடு ஒருவர் வருவார். 'பத்திரம் நனைஞ்சிருச்சுங்களா? நகல் எடுத்துத் தர்றேன், நிவாரணத்துக்கும் எழுதித் தர்றேன், அசலை மட்டும் குடுங்க' என்பார். ஒரு காகிதமும் கொடுக்காதீர்கள். சான்றிட்ட நகலுக்கு நீங்களே சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போடலாம், பதிவுத்துறை இணையதளத்திலும் போடலாம். பட்டா நகலை இணையத்தில் காசில்லாமல் எடுக்கலாம். நிவாரணக் கணக்கெடுப்புக்குக் கட்டணமே கிடையாது. வெற்றுத்தாளில் கையெழுத்து, கைரேகை மெஷினில் விரல், அசல் ஆதார் இந்த மூன்றையும் கேட்பவர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்புங்கள். முகாமில் பெயர் பதிய அட்டையைக் காட்டினால் போதும். வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றால் தராதீர்கள்.

உங்கள் வீட்டில் எல்லாப் பொருளையும் விட இன்சுலினுக்குத்தான் கவனம் வேண்டும். மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டியே கட்டி வைக்கலாம், இதை முடியாது. திறக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரியில் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். அதனால் ஃபிரிட்ஜ் கதவில் 'மருந்து' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கிளம்பும்போது அதை எடுப்பது உங்கள் வேலை, வேறு யாரிடமும் விடாதீர்கள். ஐஸ்கட்டியோடு சேர்த்து வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலினை உருக வைத்தாலும் பயன் இல்லை, கொட்டிவிட வேண்டியதுதான். முகாமில் ஒரு மண்பானையில் தண்ணீர் ஊற்றி, பாட்டிலைத் தண்ணீர் புகாத உறையில் கட்டி உள்ளே வையுங்கள்.

அடுத்தது ஊசி. பாட்டிலில் ஒரு மி.லி.க்கு 40 என்று போட்டிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 என்று போட்டிருந்தால் ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. முகாமுக்கு வரும் மருத்துவக் குழு வேறு பாட்டில் கொடுக்கலாம். 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். ராத்திரி சர்க்கரை இறங்கி நினைவு தப்பும். மாற்றி இழுத்தால் பாதி கூடப் போகாது. அதனால் பாட்டிலையும் அதற்கான 15 சிரிஞ்சுகளையும் ஒரே டப்பாவில் வையுங்கள். எண்ணை மூடியில் மார்க்கரால் எழுதுங்கள். டாக்டர் சீட்டின் ஜெராக்ஸும் அதிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, சோறு. வீட்டில் 8 மணிக்கு ஊசி, 8.20-க்கு இட்லி என்று பழக்கம் இருக்கும். மண்டபத்தில் 8 மணி உப்புமா 10 மணிக்கு வரும். உப்புமாத் தட்டு மாமியார் கைக்கு வந்த பிறகு ஊசி போடுங்கள், அதற்கு முன் வேண்டாம். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுத்துவிட்டு 108. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக 108தான்.

வால்பாறைத் தங்கைக்கு இதில் பாதி வேண்டாம். அங்கே மண்ணும் தண்ணீரும் ராத்திரியில், சொல்லாமல் வரும். மணி நேரம் கிடையாது. பை 3 கிலோவைத் தாண்டக் கூடாது. ஸ்வெட்டர், மழைக்கோட்டு, டார்ச், விசில், போன், மருந்து, ஜெராக்ஸ், ஒரு லிட்டர் தண்ணீர். விசில் அங்கேதான் உதவும், இடிபாட்டுக்குள் இருந்து கத்தினால் குரல் சீக்கிரம் போய்விடும். கட்டிலுக்குப் பக்கத்தில் பையையும் அதன்மேல் வார் வைத்த செருப்பையும் வைத்துவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள். லைனுக்குப் பின்னால் மண்மேட்டில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று சேறாக ஓடும் ஊற்று இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்று ராத்திரி அந்த வீட்டில் படுக்கக் கூடாது. எஸ்டேட் ஆபீஸில் சொல்லி எழுதி வாங்குவதெல்லாம் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பையை எடுக்க நேரம் இல்லாவிட்டால் செருப்பும் டார்ச்சும் மட்டும் போதும். தீ விபத்துக்கும் இதேதான், அங்கே பை என்ற பேச்சே கிடையாது.