‘எல்லாம் சொன்னேன்’ என்ற அந்த ஒரு வரி

கேள்வி (சுருக்கம்): அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முஸ்லிம் மாணவர்களுக்கான சாப்ளினாக (சமய ஆலோசகராக) இருக்கிறேன். ஜும்ஆ குத்பா (வெள்ளிக்கிழமைத் தொழுகைச் சொற்பொழிவு), நோன்புக்கால ஏற்பாடுகள், நள்ளிரவு போன்கள் என்று ஓய்வே இல்லை. போன வாரம் இரவு 2 மணிக்கு ஒரு மாணவி அழுதுகொண்டே பேசினாள். மனைவிக்குக் கோபம். புரிந்துகொள்ளட்டும் என்று அந்தப் பெண் சொன்னதை எல்லாம் சொன்னேன். அப்படியும் சமாதானமாகவில்லை. என்ன செய்வது?

பதில்: தம்பி, ஓய்வில்லாததைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, ‘எல்லாம் சொன்னேன்’ என்பதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை.

அந்தப் பெண் சொன்னது அமானிதம், நம்பி உங்களிடம் ஒப்படைத்தது. உங்கள் வீட்டுச் சண்டையைத் தணிக்க அதை எடுத்துச் செலவழிக்க உங்களுக்கு உரிமை கிடையாது. பெயரைச் சொல்லவில்லை என்பீர்கள். எந்த ஊர், என்ன படிப்பு, வாப்பா என்ன சொன்னார் என்ற மூன்று விவரமே போதும். நாளை இஃப்தாரில் உங்கள் மனைவி கையால் கஞ்சி வாங்கப்போகிறவள் அவள். அகப்பையை நீட்டும்போது மனைவியின் பார்வை ஒரு நொடி கூடுதலாக நின்றால் புரிந்துகொள்வாள். அதன்பின் உங்கள் அறைப்பக்கம் வரமாட்டாள், தோழிகளையும் வரவிடமாட்டாள். உங்கள் வேலையே புதியது: அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் முழுநேர முஸ்லிம் சாப்ளினை நியமித்ததே 1999-ல்தான். பள்ளிவாசல் இமாமிடம் சொன்னால் வீட்டுக்குப் போய்விடும் என்று அஞ்சும் பிள்ளைகள்தான் உங்களைத் தேடி வருகிறார்கள்.

பாரம் இறக்க இடம் இருக்கிறது. மருத்துவமனை சாப்ளின் பயிற்சியில் ஒரு யூனிட் என்பது குறைந்தது 400 மணி நேரம். அங்கே பேச்சை வரிக்கு வரி எழுதி, அடையாளங்களை நீக்கி, மேற்பார்வையாளர் முன் படிப்பார்கள். மாதம் இருமுறை அப்படி ஒருவரிடம் உட்காருங்கள். நடந்த இந்தத் தவறையும் அவரிடமே முதலில் சொல்லுங்கள்.

வேலைக்குத் தனி போன் வாங்குங்கள். இரவு 10 மணிக்கு அணைத்துவிடுங்கள். பல்கலைக்கழகத்தின் இரவுநேர ஆலோசனை எண்ணும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு எண்ணும் அதன் குரல் அறிவிப்பில் இருக்கட்டும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் விடியும்வரை கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, உடனே அந்த எண்களோடு இணைத்துவிட வேண்டும். ரகசியம் காப்பதில் உள்ள இந்த ஒரு விதிவிலக்கை முதல் சந்திப்பிலேயே ஒவ்வொரு மாணவரிடமும் சொல்லிவிடுங்கள்.

அந்தக் கதையைச் சொல்லும்படி உங்கள் மனைவி கேட்கவே இல்லை. நடுச்சாமத்தில் கணவன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் எந்தப் பெண்ணுக்கும் வலிக்கும். இரவு அவருடைய ஹக்கு (உரிமை), அதைக் கொடுங்கள். ‘இன்று மனசு கனமாக இருக்கிறது, காரணம் சொல்ல முடியாது’ என்றால் எந்த மனைவிக்கும் புரியும். இன்றிரவே அவரிடம் சொல்லுங்கள்: “நான் சொன்னது தப்பு. அந்தப் பிள்ளை வரும்போது, தெரிந்தது போலக் காட்டிக்கொள்ளாதே.”