பதில்: அப்பாவுக்கு பக்கவாதம், தம்பிக்குத் தூக்கமில்லை

சகோதரி, அப்பாவின் வாய் கோணியதைத் தம்பிதான் முதலில் பார்த்தான், பித்த மயக்கம் என்று நினைத்து ஒரு மணி நேரம் படுக்க வைத்துவிட்டான், இப்போது ‘நான்தான் கெடுத்தேன்’ என்று புலம்புகிறான் என எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் நான். அம்மா ‘உப்பு’ என்று சொல்ல வந்து குழறினார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என்னை இரண்டு வருடம் தூங்கவிடவில்லை.

ஸ்கேனில் மூளையில் ரத்தக்கசிவு என்றுதானே வந்தது? பக்கவாதம் வந்து நாலரை மணி நேரத்துக்குள் போடும் ஊசி, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைப்பதற்கு. கசிவுக்கு அதைப் போடவே கூடாது. தம்பி உடனே தூக்கிக்கொண்டு ஓடியிருந்தாலும் போட்டிருக்க மாட்டார்கள். இதை டாக்டர் வாயாலேயே அவனிடம் சொல்லச் சொல்லுங்கள். வீட்டார் சொன்னால் ஆறுதல் வார்த்தையாகத்தான் கேட்கும்.

அப்பா திடீர் திடீரென அழுவதும் பெரும்பாலும் மூளை அடிபட்டதன் விளைவு. அதற்கு மாத்திரை உண்டு, கேளுங்கள்.

தம்பிக்கு அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வந்தால் 14416-க்குப் பேசச் சொல்லுங்கள்; டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். அப்புறம், பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் விரல் பயிற்சியை அப்பாவுக்கு அவனையே செய்துவிடச் சொல்லுங்கள். அம்மாவின் கட்டைவிரல் முதல்முறை என் விரலை அழுத்திய அன்றுதான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.