ஹட்டன் ஈரத்தில் ஆடம்பரக் குசினி: காசை எங்கே போடுவது?

வாசகி ஒருவரின் கேள்வி: "ஹட்டனுக்குப் பக்கத்தில் சொந்தக் காணியில் வீடு கட்டுகிறோம். குசினிக்கு 12 அடிக்கு 10 அடி ஒதுக்கியாயிற்று. கொழும்பில் தங்கச்சி வீட்டில் இருப்பது போல பளபளவென்று வெள்ளை பேன்ட்ரி கபட் போட ஆசை. மாமியோ விறகடுப்பு இல்லாமல் என்ன குசினி என்கிறார். இரண்டும் சரிவருமா? எதில் செலவு செய்யலாம், எதில் மிச்சம் பிடிக்கலாம்?"

சரிவரும். ஆனால் தங்கச்சி வீட்டுப் படத்தை, வேலை செய்யும் மேசன் பாஸிடம் காட்டி "இதே மாதிரி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது கொழும்புச் சூட்டுக்குச் செய்த குசினி. உங்கள் மலைநாட்டுப் பக்கம் மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை மழைக்காற்று விடாது, உப்புப் போத்தலில் தண்ணீர் கட்டும், அப்பளம் நமத்துப்போகும். இந்த ஊரில் ஆடம்பரம் என்றால் காய்ந்த குசினிதான் என்பது என் கட்சி. மினுக்கம் அதற்கு அப்புறம்.

நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நுவரெலியாவில் என் சொந்த வீட்டுக்கே எம்டிஎஃப் பலகையில், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில், மினுக்கமான கபட் போட்டேன். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் சின்க்குக்குக் கீழே இருந்த பலகை பாணைத் தேத்தண்ணியில் நனைத்த மாதிரி ஊதிவிட்டது. மேலே ஒட்டியிருக்கும் தாள் நன்றாகத்தான் இருந்தது, வெட்டிய ஓரத்தில் ஈரம் நுழைந்தால் அந்தப் பலகை தாங்காது, அவ்வளவுதான். அதனால் கீழ்க் கபட்டுகளின் உடம்பை அலுமினியத்தில் செய்யுங்கள். கதவுக்கு மட்டும் நன்றாகக் காய்ந்த சப்பு மரம் போட்டால், அலுமினியம் என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். வெள்ளைதான் வேண்டும் என்றால் மேல் கபட்டுகளில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். எந்தக் கபட்டையும் வெளிச்சுவரோடு ஒட்டி அடிக்க விடாதீர்கள். ஒரு அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும். அந்தச் சுவர் எப்போதும் குளிர்ந்தே இருப்பதால் உள்ளே இருக்கும் நீராவி அதில்தான் வந்து படியும், பூஞ்சணமும் அங்கேதான் தொடங்கும்.

நீராவி எங்கிருந்து வருகிறது என்றுதானே கேட்பீர்கள்? சோறு வடிப்பதிலிருந்தும் கேத்தலிலிருந்தும் வருவது எல்லாருக்கும் தெரியும். கேஸ் எரியும்போதும் தண்ணீர் உண்டாகிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான நீராவி. நாம் வாங்கும் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று முடியும்போது 20 லீற்றர் அளவு தண்ணீரை, கண்ணுக்குத் தெரியாமல், குசினிக்குள் விட்டிருக்கும். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவைத்துச் சமைத்தால் அவ்வளவும் உங்கள் சுவரிலும் கபட்டிலும்தான்.

ஆகவே காசு முதலில் போக வேண்டிய இடம் ஹூட், அடுப்புக்கு மேலே புகையையும் ஆவியையும் இழுக்கும் கூடு. உள்ளேயே காற்றை வடிகட்டித் திருப்பி விடும் வகையை யாராவது மலிவு என்று சொல்லித் தலையில் கட்டப் பார்ப்பார்கள். எண்ணெயை அது ஓரளவு பிடிக்கும், ஈரத்தைப் பிடிக்காது, கருவாடு பொரித்த மணத்தையும் பெரிதாக அடக்காது. 6 அங்குலக் குழாய் வைத்து, முடிந்தவரை வளைவு இல்லாமல், நேராக வெளியே போக வேண்டும். அடுப்புக்கும் ஹூட்டுக்கும் இடையே 26 முதல் 30 அங்குலம் விடுங்கள். குழாயின் வாய் தென்மேற்குப் பக்கம் பார்த்து இருக்கவே கூடாது, ஆடிக் காற்று புகையை உங்கள் முகத்திலேயே திருப்பி அடிக்கும். மலையின் கிழக்குச் சரிவில், பண்டாரவளை, பதுளைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கே பெரிய மழை வருவது வடகிழக்கிலிருந்து.

இனி விறகடுப்பு. மாமி சொல்வதைப் பழங்காலம் என்று தள்ளாதீர்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் கேஸ் வரிசையில் நின்றதை நாம் யாரும் மறக்கவில்லை, அதே வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்டும் வெட்டினார்கள். இண்டக்ஷனும் இல்லை, கேஸும் இல்லை என்ற அந்த நாட்களில் தேத்தண்ணி குடித்தது விறகடுப்பு வைத்திருந்த வீடுதான். ஆனால் அதை ஹூட் இருக்கும் அறைக்குள் வைக்கக் கூடாது. ஹூட் காற்றை இழுக்கும் வேகத்தில் புகைக்கூட்டில் மேலே போக வேண்டிய புகை வீட்டுக்குள்ளே இறங்கும், அதோடு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கார்பன் மொனொக்சைட்டும் வரும். பின்பக்கம் 6 அடிக்கு 8 அடியில் ஒரு சின்ன பின்குசினி இறக்குங்கள், புகைக்கூடு கூரை முகட்டுக்கு மேலே இரண்டு மூன்று அடி போகட்டும்.

அந்த அடுப்பை நல்ல குசினியின் செங்கல் சுவரில் சேர்த்துக் கட்டி, சுவருக்கு இந்தப் பக்கம் அரிசி, மா, மிளகாய் வைக்கும் அலுமாரியை வையுங்கள். சுவர் லேசாகச் சுட்டுக்கொண்டே இருக்கும், சாமான் நமக்காது. தோட்டத்து லய வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி மிளகாயையும் கருவாட்டையும் போட்டுவைத்த பாட்டிமாருக்குத் தெரிந்த விஷயம்தான் இது, நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

கேஸ் சிலிண்டரை வெளியே, காற்றோட்டமுள்ள கூட்டுக்குள் வைத்துவிடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். உள்ளேதான் வைக்க முடியும் என்றால் கபட் கதவின் அடியில் துளைகள் இருக்க வேண்டும், மேலே துளை போட்டுப் பயனில்லை. குளிர்ந்த விடியற்காலையில், சிலிண்டர் முடியப்போகும் நேரத்தில் நெருப்பு சிறுத்தால் பயப்படாதீர்கள், குளிரில் கேஸ் ஆவியாவது குறையும். அதற்காக சிலிண்டர்மேல் சுடுதண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த வேலை வேண்டாம்.

சமையல் மேடையின் மேல்தளத்துக்குக் கிரானைட் போடுங்கள். வெள்ளைக் குவார்ட்ஸ் அழகுதான், ஆனால் அதில் பிசின் கலந்திருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை அப்படியே வைக்க முடியாது, மஞ்சள் கறையும் பிடிக்கும். ஒன்றை மட்டும் பாஸிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: ஒரு மூலையில் இரண்டு அடிக்குப் பலாப் பலகை. கையால் சுற்றும் தேங்காய்த் துருவியை விளிம்பில் இறுக்கிப் பூட்ட வேண்டுமே, மினுக்கிய கிரானைட்டில் அது வழுக்கும், இறுக்கினால் விளிம்பு உடையும். லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, தேங்காய் துருவ வெளியே வாங்கில் போய் உட்காரும் வீடுகள் இரண்டு எனக்குத் தெரியும்.

இழுப்பறைகளுக்கு மெதுவாக மூடும் சட்டம் போடலாம், கீல்கள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சின்க்கின் கீழே 10 லீற்றர் சுடுதண்ணீர் ஹீட்டர் ஒன்று வைத்து, அதற்குத் தனி வயரும், மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிட்சும் கொடுங்கள். என்னைக் கேட்டால் முழு வீட்டிலும் இதைவிட நல்ல ஆடம்பரம் கிடையாது, ஜனவரிக் காலையில் எண்ணெய்ச் சட்டி கழுவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் குசினி நடுவில் தனியாகப் போடும் மேசைத் தளத்தை விட்டுவிடுங்கள். இரண்டு பேர் முதுகு இடிக்காமல் நிற்க 48 அங்குலம் வழி வேண்டும், 10 அடி அகலத்தில் அதற்கு இடமில்லை. விளக்கைக் கபட்டின் அடியில் வையுங்கள், கூரையின் நடுவில் மட்டும் போட்டால் உங்கள் நிழலிலேயே வெங்காயம் வெட்டுவீர்கள்.

கடைசியாக மேடையின் உயரம். கடைக்காரர் 36 அங்குலம் என்பார். ஐந்தடி உயரமுள்ளவருக்கு அது தோளைத் தூக்க வைக்கும். முழங்கையை மடக்கி நின்று, தரையிலிருந்து அளந்து, 5 அங்குலம் கழியுங்கள், அடுப்புப் பக்கம் இன்னும் 3 அங்குலம் இறக்கினால் பெரிய சட்டியில் கிண்ட லேசாக இருக்கும். உங்களுக்கும் மாமிக்கும் தனித்தனியாக அளந்து, அதிகமாகச் சமைக்கிறவர் கணக்கை எடுங்கள். அளக்கும்போது செருப்புப் போட்டுக்கொண்டு நில்லுங்கள், அந்தக் குளிர் டைல்ஸில் யாரும் வெறுங்காலோடு நிற்கப்போவதில்லை.